பொட்டு வைத்த சக்கரம்

ஒன்றாம் வகுப்பில் பொருட்பாடம் என்று ஒன்று உண்டு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு சாமானைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று அவர்களையே சொல்லவைக்க வேண்டும். சக்கரமும் அச்சும் அதில் ஒரு பாடம். அதற்காக நானே ஒரு சாமான் செய்து வைத்திருந்தேன். தையல்காரர் தூக்கிப் போட்ட நூல்கட்டை, அதன் பக்கவாட்டில் ஆணியடித்து இறுக்கிய பெரிய தகர மூடி, நடுவே ஓடும் ஒரு கம்பி. கட்டையில் நூலைச் சுற்றி, நுனியில் ஒரு கல்லைக் கட்டி, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் மாட்டிவிட்டால் அதுதான் எங்கள் வகுப்புக் கிணறு.

கட்டையைத் திருகிக் கல்லைத் தூக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு விரல் நோகும். மூடியின் விளிம்பைப் பிடித்துச் சுற்றச் சொன்னால் கல் அலுங்காமல் ஏறிவிடும். ஏன் என்று கேட்பேன். "மூடி பெர்சு, கட்ட சின்னது டீச்சர்" என்பார்கள். சரியான பதில்தான். விளிம்பைப் பிடித்த கை நீண்ட தூரம் சுற்றி வருகிறது, நூலோ கொஞ்சம்தான் ஏறுகிறது. கை அதிகமாக நடப்பதால்தான் பாரம் குறைவாகத் தெரிகிறது. மூடியும் கட்டையும் ஒரே உடம்பு, ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பியே ஆக வேண்டும். இதுவரைக்கும் அந்தப் பாடம் எனக்குப் பிடித்தமானது.

பாடத்தின் மறுபாதிதான் எனக்கு ஆகாது. மூடியை யாரும் தொடாமல், கல்லை மட்டும் கீழே இழுக்கச் சொல்ல வேண்டும். நூலை ஒரு விரல்கடை இழுத்தால் போதும், மேலே மூடி விருட்டென்று அரைச் சுற்று போகும். கீழே சின்ன இழுப்பு, மேலே பெரிய சுற்று. பிள்ளைகள் கைகொட்டும். "யாருமே தொடல, தானா சுத்துது, பேய் சுத்துது டீச்சர்" என்று ஏதாவது ஒன்று கட்டாயம் கத்தும். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றுவிடுவேன். மற்ற ஆசிரியைகள் இதைக் கவனித்துக் கேலிகூடச் செய்திருக்கிறார்கள். செய்யட்டும். யாரும் தொடாமல் ஒரு சக்கரம் சுற்றியதை அவர்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது இருக்கும். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற பாதையில் ஒரு தோல் ஷாப்பில் எங்கள் குடும்பமே வேலை செய்தது. தோல் பதனிடும் கிடங்கை அந்தப் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலைக் கத்தியால் வழிக்கிற வேலை. அக்காவுக்கும் எனக்கும் ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். அக்கா பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியும் திரும்பிப் போகவில்லை. அவள் புருஷன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போயிருந்தார். அங்கே போய் அவரோடு இருக்க வேண்டும் என்று அவள் தினமும் கேட்டாள், நைனா தினமும் முடியாது என்றார்.

ஷாப்பின் பின்பக்கம் பட்டைக் கிடங்கை ஒட்டி ஒரு பழைய கிணறு. மாடு கட்டி இறைக்கிற பெரிய கிணறு வேறு. இது குறுகலானது, ஆழம் ஜாஸ்தி, உச்சி வெயிலில்கூட உள்ளே இருட்டுத்தான். இதன் மேல்தான் சக்கரம் இருந்தது. இரண்டு கருங்கல் தூண்களின் தலையில் குழி வெட்டி, அதில் தொடையளவு பருமனான மர உருளை ஒன்றைப் படுக்கவைத்திருந்தார்கள். அதுதான் அச்சு. கயிறு அதில்தான் சுற்றிக்கொள்ளும். அச்சின் ஒரு முனையில் ஆள் உயரத்துக்கும் மேலான சக்கரம், விளிம்பில் கைபிடிக்கக் கட்டைகள். தண்ணீர் நிறைந்த தோல்சால் ஒன்றை ஒரே ஆள் பேசிக்கொண்டே தூக்கிவிடலாம். தூக்கியதும் சக்கரம் திரும்ப ஓடாமல் இருக்க ஒரு முளையைச் செருகி நிறுத்துவார்கள்.

அந்தச் சக்கரத்தை முதலாளி தங்கவயலில் மலிவாக வாங்கி வண்டியில் கொண்டுவந்திருந்தார். முதலாளி வாணியம்பாடி சாயபு, ஒரு சாமானை வீணாகப் போகவிட மாட்டார். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றின சக்கரம் இது, உள்ளே செத்தவர்களையும் இதில்தான் கட்டித் தூக்கினார்கள் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அந்தி நேரத்தில் யாரும் தனியாக அங்கே போவதில்லை. அக்காவுக்கு மட்டும் அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு பிரியம் இருந்தது. அதன் ஆரக்காலைத் தடவிக்கொண்டு நிற்பாள். கேட்டால், "அவரு இருக்குற ஊர்லேர்ந்து வந்ததுடி" என்பாள். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஷாப்பைக் கழுவினோம். வழிக்கிற கத்தி, பட்டை இடிக்கிற உலக்கை, தராசு எல்லாம் கழுவியாயிற்று. சக்கரத்தையும் கழுவினோம். அச்சு உட்காருகிற கல்குழியில் வருஷக்கணக்கான வண்டி மை கருகருவென்று ஒட்டிக்கிடந்தது. விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மை. சாமிக்கு முன்னால் இவ்வளவு அழுக்கா என்று மேஸ்திரி சத்தம் போட்டார். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, குழி வெள்ளையாகும்வரை சுரண்டி எடுத்தோம். பிறகு விளிம்பு நெடுகச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்தோம். நிறுத்துகிற முளையையும் கழற்றிக் கழுவி, கத்திகளோடு பலகையில் வைத்துப் பொட்டிட்டோம். மை என்பது அழுக்கில்லை, அதுதான் சக்கரத்தின் உயிர் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தினமும் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறவர் பண்டிகைக்குக் குடியாத்தம் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார்.

பொட்டு வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடிந்து, அதற்கடுத்த நாள் மறுபூஜை போடும்வரை யாரும் தொடக் கூடாது. அது எங்கள் வழக்கம். தொட்டால் அதே ஆயுதம் தொட்டவனைப் பலி கேட்கும் என்பார்கள். பூ வைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. "சொரங்கத்துக்குப் போனவன் வீட்டுக்கு எப்படி வருவான்னு சொல்ல முடியாது. அங்க போய் நீ இன்னா பண்ணப் போற?" என்றார் நைனா. "நாளைக்கே ரயிலேறிப் போய்டுவேன் பாரு" என்றாள் அக்கா. இப்படி அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்ததால் நான் காதில் போட்டுக்கொள்ளாமல் தூங்கிப்போனேன்.

விடிகிற நேரத்தில் அவள் என்னை உலுக்கினாள். கையில் பூக்கூடை. குழந்தையை என் பக்கத்தில் கிடத்தி, "பாத்துக்கோடி, சக்கரத்துக்கு மாலைய போட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளிச்சம் வந்தது, வெயில் ஏறியது, அவள் வரவில்லை. குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்தது.

நைனா ஷாப்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். சக்கரத்தின் மேல் மாலை கிடந்தது, அக்காவும் இல்லை, பூக்கூடையும் இல்லை. அவ்வளவுதான், அவர் மனசில் ராத்திரிச் சண்டை வந்து உட்கார்ந்துகொண்டது. நேரே ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போனார். காலை ரயிலில் ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு பெண் கூடையோடு ஏறினாள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடையோடு ரயிலேறுகிற பெண்கள் அந்தப் பக்கத்தில் நூறு பேர் உண்டு. நைனாவுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"போய்ட்டா. இனிமே இந்த வீட்ல அவ பேச்சு எடுக்காத" என்றார்.

"பால்குடி மறக்காத கொழந்தைய வுட்டுட்டு எவளாவது ரயிலேறுவாளா நைனா? இன்னா பேசுற நீ?" என்று கத்தினேன்.

அவர் முகத்தைக் கழுவி, வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு பூஜைக்குக் கிளம்பிவிட்டார். அவமானம் தாங்காத மனிதர் அப்படித்தான் கிளம்புவார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்துவிட்டு, அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானே தேடப் போனேன். பாலாற்று மணலில் ஊற்று தோண்டுகிற இடம் வரைக்கும் போனேன். பட்டைக் கிடங்கில், தோல் உலர்த்துகிற கொட்டகையில், எல்லா இடத்திலும் கூப்பிட்டுப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தொங்குகிற தோல்களுக்கு நடுவே நின்று கூப்பிட்டால் குரல் எங்கேயும் போகாது. வாய்க்குப் பக்கத்திலேயே செத்து விழும்.

கிணற்றில் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்ப்பதற்குக் கிணறு அங்கே இல்லை. பூஜைக்குப் பிள்ளைகள் வருவார்களே என்று மேஸ்திரி, நைனா போகுமுன்பே ஆட்களை விட்டு வாய் முழுக்கப் பலகை அடுக்கி, மேலே பாய் விரித்து, அதன் மேல் கோலமும் போடவைத்திருந்தார். சக்கரத்துக்கு நேர்க் கீழே வாழை இலையில் பொரி, கடலை, சர்க்கரை, பழம். கயிறு இறங்குகிற இடத்தில் மட்டும் ஒரு சந்து. வெளியூர்க்காரன் பார்த்தால் அங்கே கிணறு இருப்பதே தெரியாது.

நான் போனபோது பூஜை ஆரம்பித்திருந்தது. உச்சி வேளை நெருங்கிவிட்டது. சாயபு வழக்கம்போல் பொரிக்கும் பூவுக்கும் பணம் கொடுத்தனுப்பிவிட்டு ஊரிலேயே இருந்துகொண்டார். வருஷம் முழுவதும் கத்தியும் உலக்கையும் சத்தம் போடுகிற இடம் அன்று அடங்கிக் கிடந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை. மேஸ்திரி கற்பூரம் ஏற்ற, நைனா மணியை எடுத்து அடித்தார்.

மணிச் சத்தம் ஓய்ந்த மறு நிமிஷம் சக்கரம் அசைந்தது.

முதலில் நான் கண் கூசுகிறது என்று நினைத்தேன். விளிம்பின் உச்சியில் இருந்த குங்குமப் பொட்டு மெல்லக் கிளம்பி, சரிந்து, தோளளவுக்கு இறங்கி நின்றது. ஆரக்கால்களின் நிழல் கோலத்தின் மேல் நகர்ந்தது. அந்த நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. மை இல்லாத அச்சு வறண்ட கல்லில் தேய்கிற கிரீச்சல், அதன் அடியில் நீளமாக ஒரு அழுகை. மனிதக் குரல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

சக்கரத்தின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் கைகூப்பிக்கொண்டு எட்டத்தான் நின்றிருந்தோம்.

"அம்மா வந்துட்டா!" என்று மேஸ்திரி அலறினார். "பூஜைய ஏத்துக்கினா! மணிய அடிய்யா!"

நைனா மணியடித்தார். "தாயே, தாயே" என்று எல்லாரும் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். மணி நின்றது. சக்கரமும் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் அசைந்தது. மறுபடியும் அந்தக் கிரீச்சலும் அழுகையும். இன்னொரு பொட்டு சரிந்து கீழே போயிற்று. மறுபடி கற்பூரம், மறுபடி மணி, மறுபடி "தாயே".

பெண்கள் பக்கத்தில் சாமி என்று யாரும் சொல்லவில்லை. "சொரங்கத்துல செத்ததுங்க மேல ஏர்றதுக்கு வந்திருக்குதுங்க" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். ஓடிவிடலாம் என்று எனக்கும் கால் துடித்தது. ஆனால் இடுப்பிலிருந்த குழந்தை, காலையிலிருந்து ஓயாமல் அழுத குழந்தை, அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அழுகையை நிறுத்திக் காது கொடுத்தது. சத்தம் நின்றதும் அழுதது. அதைப் பார்க்க எனக்குச் சக்கரத்தை விட அதிகமாகப் பயம் வந்தது.

பயம் முற்றினால் எனக்குக் கோபமாகத்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான். பெற்ற மகளைக் காணோம், இந்த மனிதர் மணியடித்துக்கொண்டு நிற்கிறார். ஊரே ஒரு மரக்கட்டையின் முன்னால் குப்புற விழுந்து கிடக்கிறது. காதைக் கிழிக்கிற அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அச்சு வறண்டு கத்துகிறது, அவ்வளவுதானே, சாமியோ பேயோ எதுவாக இருந்தாலும் சத்தம் போடாமல் சுற்றட்டும் என்று ஒரு வெறி. குழந்தையைப் பின்னால் நின்றவளிடம் திணித்துவிட்டு முன்னால் போனேன். சாமி முன் எரிந்த குத்துவிளக்கைத் தூக்கி, திரியைத் தட்டிவிட்டு, அதிலிருந்த நல்லெண்ணெய் முழுவதையும் இரண்டு கல்குழிகளிலும் ஊற்றினேன்.

"அடிப்பாவி! தொடாத!" என்று மேஸ்திரி கத்தினார். நைனா என் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டத்தில் எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது.

அந்த நேரத்தில் சக்கரம் மறுபடி அசைந்தது. எண்ணெய் குடித்த அச்சு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. கிரீச்சல் இல்லை.

அழுகை மட்டும் கேட்டது.

இப்போது அது தனியாக, தெளிவாக, கோலத்துக்கு அடியிலிருந்து வந்தது. சக்கரம் நின்ற பிறகும் கொஞ்சம் நீண்டு, கம்மி, அடங்கியது. என் கையைப் பிடித்திருந்த நைனாவின் பிடி தளர்ந்தது.

நான் சக்கரத்தின் விளிம்பில் கைவைத்தேன். ஓணான் ஒன்று கயிற்றைக் கடித்து இழுப்பதுபோல லேசாகத்தான் தெரிந்தது. குனிந்து, பலகைச் சந்தில் இறங்குகிற கயிற்றையே பிடித்தேன். அங்கே வேறு மாதிரி இருந்தது. ஒரு ஆள் தன் பலத்தை எல்லாம் கூட்டி இழுக்கிற இழுப்பு அது, என் கையையும் சேர்த்துக் கீழே கொண்டுபோகப் பார்த்தது. விளிம்பில் விளையாட்டாகத் தெரிந்தது, கயிற்றின் நுனியில் ஒருத்தியின் உயிராக இருந்தது.

"அக்கா கீழ கீறா நைனா" என்றேன்.

நைனா மணியைப் போட்டுவிட்டு வெறும் கையால் பலகைகளைப் பெயர்த்தார். பொரியும் பழமும் கோலமும் சேர்ந்து சரிந்தன. உள்ளே கும்மிருட்டு. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கீழிருந்து வந்தது வார்த்தை இல்லை, ஒரு மூச்சு மாதிரி. கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் கால் வைத்து அவர் இறங்கினார். எவ்வளவு ஆழம், எந்தக் கல் ஆடும் என்று எதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், "கட்டிட்டேன், தூக்கு" என்று குரல் வந்தது.

"இன்னிக்கு சக்கரத்த…" என்று மேஸ்திரி ஆரம்பித்தார். பிறகு அவரே வாயை மூடிக்கொண்டு வந்து மறுபக்கம் பிடித்தார்.

சுற்றினோம். அந்தச் சுற்றலைப் போல ஒரு பயத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. கையில் பாரமே தெரியவில்லை. பெரிய சக்கரம், எண்ணெய் போட்ட அச்சு, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதனால்தான் பாரம் தெரியவில்லை என்று இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கயிற்றில் யாருமே இல்லையோ, முடிச்சு அவிழ்ந்து வெறுங்கயிற்றைத்தான் தூக்குகிறோமோ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றையே பார்த்தேன். எத்தனை சுற்றினாலும் கயிறு ஒரு முழம், இரண்டு முழம் என்றுதான் ஏறியது. கொஞ்சமாவது கனக்காதா, கனக்காதா என்று வேண்டிக்கொண்டே சுற்றினேன்.

முதலில் கூந்தல் தெரிந்தது. பிறகு நைனாவின் வெள்ளை வேட்டியால் இறுக்கிக் கட்டிய தோள்கள். கைகள் இரண்டும் கயிற்றை விடவே இல்லை. தரையில் கிடத்திய பிறகும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே கோணிக்கிடந்தது. உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. உயிர் இருந்தது.

குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் கிடத்தினார்கள். அது உடனே அவள் சேலையைப் பற்றிக்கொண்டது. சூடாகக் கஞ்சித் தண்ணீர் வாயில் ஊற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. சக்கரத்துக்கு மாலை போட்டுவிட்டு, எட்டத்துத் தூணுக்கும் போட எம்பியபோது, முதல் நாள் நாங்கள் கழுவிவிட்ட கல் வழுக்கியிருக்கிறது. விழும்போது கயிறு கையில் அகப்பட்டது. முளை இல்லாத சக்கரம் நிற்காமல் ஓடி அவளை அடிவரைக்கும் இறக்கிவிட்டது. நேராக விழுந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். முழங்காலளவுத் தண்ணீரில் எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தாளோ, கண் விழித்தபோது மேலே வானம் இல்லை.

"கத்திக் கத்தித் தொண்ட போச்சு" என்றாள். "அப்புறந்தான் கயித்த இழுத்தேன்."

மேஸ்திரி எதற்கோ குனிந்து சிதறிய பூவைப் பொறுக்கினார். கிணற்றிலிருந்து ஏறிவந்த நைனா, கோவணத்தோடு, உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"இழுத்தவொடனே மேல மணி அடிச்சுது" என்றாள் அக்கா. "சரி, தெரிஞ்சிடுச்சு, தூக்கிடுவாங்கன்னு இருந்தேன். தூக்கல. மறுபடி இழுத்தேன். மறுபடி மணி. தாயே தாயேன்னு கூப்ட்டீங்க. என்னத்தான் கூப்புடுறீங்கன்னு நெனச்சு, கீறேன், இங்கதான் கீறேன்னு நானும் சொன்னேன். இழுக்க இழுக்க மணி அடிக்கிறீங்க, ஒருத்தரும் தூக்க மாட்டேங்கிறீங்க."

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தாள்.

"மணி அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா" என்றார் நைனா.

அக்கா குழந்தையை அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.